நார்ப் பலகைகளை உடைக்காமற் பரீட்சித்தல்

குயவரிடம் பானை வாங்கச் செல்லும் எவரும் பானையை உடைத்துப் பார்த்து வாங்குவதில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார்கள். கணீரென்று ஓசை எழுந்தால் பானை நல்லது என்றும், ஓசை அடைத்து எழுந்தால் எங்கோ விரிசல் ஓடியிருக்கிறது என்றும் தீர்மானிக்கிறார்கள். தேங்காயைக் காதருகே குலுக்கி நீர் அறிவதும், பலாப்பழத்தைத் தட்டிப் பக்குவம் அறிவதும் இவ்வகையே. பொருளைச் சிதைக்காமல் அதன் உட்கிடையை அறிதல் நமது குடியானவருக்குப் புதிய வித்தையன்று. உடைத்துப் பார்த்த தேங்காயைச் சந்தையில் விற்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

இவ்வித்தை இன்று பெரியதொரு சாஸ்திரமாக வளர்ந்திருக்கிறது. ஆகாய விமானத்தின் இறக்கை, ரயில் தண்டவாளம், ஆலைக் கொதிகலன் முதலியவற்றை உடைக்காமலே ஒலியாலும் ஒளியாலும் சூட்டாலும் சோதிக்கிறார்கள். ஆனால் நமது தோப்பிலும் வயலிலும் விளையும் நாரைக் கொண்டு செய்யப்படும் பலகைகளை அவ்வாறு சோதிப்பவர் யார், எங்கே, யாருடைய கருவியால் என்னும் கேள்வி நம்மவர் கவனத்துக்கு இன்னும் வரவில்லை. அது ஆலைக்காரர் காரியம், நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். அவ்வாறு இருப்பது நமக்கே நஷ்டம். நாரை விளைவிப்பவரும், பலகையை வாங்கிப் பொதுக் கட்டடங்களிற் பொருத்துபவரும் ஆகிய இரு சாராரும் இச்சோதனையில் தமக்குள்ள பங்கை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலில் நார்ப்பலகை என்பது இன்னதென்று அறிந்துகொள்ளுதல் நலம். தேங்காய் மட்டையிலிருந்து எடுத்த நாரை மெத்தைபோல் பரப்பிப் பிசினில் தோய்த்து, உலர்த்தி, சூடேற்றிய அழுத்து யந்திரத்தில் இட்டு நெருக்கினால், மரப்பலகைக்கு ஒப்பான ஒரு பலகை கிடைக்கிறது. சணல், புளிச்சை, கற்றாழை, வாழை ஆகியவற்றின் நாரைக் கொண்டும் இவ்வாறு செய்யலாம். நார் பளுவைத் தாங்குகிறது. பிசின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து, பளுவை அவற்றிடையே பகிர்ந்து கொடுக்கிறது. மண்சுவர் வெடிக்காதிருக்க வைக்கோலைத் துண்டித்துச் சேற்றோடு குழைத்த நம் முன்னோர் கையாண்ட தத்துவமும் இதுவே.

இது நேற்றுத் தோன்றிய வேடிக்கையுமன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகிலுள்ள டக்ஸ்போர்டில் டி புரூயின் என்பவர் 1930-களில் ஆளி நாரைப் பிசினில் தோய்த்து ஒரு வலிய பொருள் செய்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது அலுமினியம் கிடைக்காமற் போகுமோ என்ற அச்சத்தால், ஸ்பிட்பயர் என்னும் போர் விமானத்தின் உடற்கூடு ஒன்றை அப்பொருளாற் செய்து பார்த்தார்கள். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் எண்ணிக்கையில் உற்பத்தியான திராபான்ட் என்னும் மோட்டார் வண்டியின் மேற்கூடு, பருத்திக் கழிவும் பிசினும் சேர்ந்த பலகையாலானது. 1990-களிலிருந்து ஐரோப்பிய மோட்டார் வண்டிகளின் கதவு உட்புறங்களில் ஆளி, சணல், கற்றாழை நார்ப் பலகைகள் பெருவாரியாகப் பொருத்தப்பட்டு வருகின்றன.

அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1941-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் டியர்பார்ன் நகரில் ஒரு மோட்டார் வண்டியைக் காட்சிக்கு வைத்தார். இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல், விளைபொருள்களிலிருந்து செய்த 14 பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. யுத்தம் மூண்டு வண்டி உற்பத்தியே நின்றுபோக, அம்முயற்சியும் நின்றது. அப்பலகைகளில் எந்தெந்த நார் எவ்வளவு சேர்ந்தது என்பதை இன்று திட்டமாகச் சொல்ல வழியில்லை. சோயா என்கிறார் ஒருவர். கோதுமை, ஆளி, சணல் என்கிறார் மற்றொருவர். செய்முறைக் குறிப்பு எஞ்சவில்லை. எழுதி வைக்காத பொருளை மறுபடி செய்யவும் இயலாது. அதன் குணத்துக்கு உத்தரவாதம் சொல்லவும் இயலாது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.

இனி நமது காரியத்துக்கு வருவோம். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பேராவூரணி, பட்டுக்கோட்டை முதலிய தென்னைப் பிரதேசங்களில் தேங்காய் விலை இறங்கும் காலத்தில் மட்டை விலையும் ஒரு துணையாகும். மட்டைக்கு விலை நிற்க வேண்டுமானால் நாருக்குத் தேவை நிற்க வேண்டும். கயிறு, மிதியடி, மெத்தை ஆகியவற்றோடு நார்ப்பலகைக்கும் தேவை பெருகினால் நாருக்கு இன்னுமொரு வாசல் திறக்கும். இவ்வாசலைத் திறப்பதும் மூடுவதும் ஜனங்களின் நம்பிக்கையேயாகும். ஒரு பள்ளிக்கூடத்துக் கதவு முதல் மழைக்காலத்திலேயே பருத்து, அடுக்கடுக்காகப் பிரிந்துவிட்டால், இன்ன ஆலையில் இன்ன நாள் செய்த பலகை சரியாக உலரவில்லை என்று எவரும் சொல்லுவதில்லை. தேங்காய் நார்ப் பலகையே உதவாது என்று ஊர் முழுதும் சொல்லிவிடுகிறது. ஒரு கெட்ட பலகையால் நூறு நல்ல பலகைகளுக்கு விலை போகிறது. அந்நஷ்டம் ஆலையோடு நில்லாமல் மட்டை விற்ற தோப்புக்காரரையும் வந்து சேர்கிறது.

நார்ப்பலகைக்கு மட்டும் இச்சோதனை ஏன் இத்துணை அவசியம் என்று கேட்கலாம். கண்ணாடி இழை உலையில் உருகி ஒரே சீராக இழுக்கப்படுகிறது. ஒரு மைல் இழையும் ஒரே தன்மையது. நமது நாரோ மரத்தில் வளர்வது. மட்டையின் முதிர்ச்சி, ரகம், மழை, ஊறவைத்த காலம், அடித்தெடுத்த விதம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்ப அதன் பருமனும் வலிமையும் மாறும். ஒரே மட்டையிற்கூட ஒரு நாரைப்போல் மற்றொரு நார் இராது. நாருக்கு இயற்கையான சிறப்புக்கள் பல உண்டு. கண்ணாடி இழை தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு எடையுள்ளது. தேங்காய் நாரோ தண்ணீரைவிடச் சற்றே எடை கூடியது. லிக்னின் என்னும் மரச்சத்து அதில் 40 சதவிகிதத்துக்கும் மேல் இருப்பதால் அது எளிதில் மக்குவதில்லை. ஆனால் அதன் மேற்பரப்பில் மெழுகு போன்ற பூச்சு உண்டு. கழிவுத் தூளும் ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்விரண்டையும் அகற்றாவிடில் பிசின் நாரைப் பற்றாது.

ஆகவே பலகைக்குள் நால்வகைக் குற்றங்கள் தோன்றுகின்றன. நாருக்கிடையே பிசின் சென்று சேராத வெற்றிடம் ஒன்று. அடுக்குகள் ஒன்றையொன்று பற்றாமல் பிரிந்து நிற்பது இரண்டு. நாரில் எஞ்சிய ஈரம், சூடான அழுத்து யந்திரத்தில் ஆவியாகி உள்ளே கொப்புளம் எழுப்புவது மூன்று. நார் ஓரிடத்தில் திரண்டும் வேறோரிடத்தில் மெலிந்தும் கிடப்பது நான்கு. இவற்றில் எதுவும் வெளியே தெரியாது. மேலே ஒட்டிய மெல்லிய தகடும் வர்ணமும் எல்லாவற்றையும் மூடிவிடுகின்றன.

பலகையில் ஒரு துண்டை அறுத்து, யந்திரத்தில் வளைத்து முறித்து, எவ்வளவு பளு தாங்கியது என்று கணக்கிடும் பழைய பரீட்சையை யாம் குறை கூறவில்லை. அது இன்றியமையாதது. ஆனால் அது முறிந்த துண்டைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்லும். முறியாமல் நமது வீட்டுக் கதவில் நிற்கும் பலகையைப் பற்றி அது ஊகமே சொல்ல முடியும். பொருள் சீரானதாயின் அவ்வூகம் பொருந்தும். பலகைக்குப் பலகை மாறும் நார்ப் பொருளில் அது பொருந்தாமற் போவதே அதிகம். ஆதலின், முறித்துப் பார்க்கும் பரீட்சை சில துண்டுகளுக்கும், முறிக்காமற் பார்க்கும் பரீட்சை ஒவ்வொரு பலகைக்கும் நடைபெற வேண்டும்.

முறிக்காத பரீட்சைகளில் முதலாவது தராசு. இதற்குச் செலவே இல்லை எனலாம். 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 12 மில்லிமீட்டர் கனமும் உள்ள பலகையை உதாரணமாகக் கொள்வோம். கன மீட்டருக்கு 800 கிலோ அடர்த்தி என்று ஆலை உறுதி கூறியிருந்தால் அப்பலகை சுமார் 28½ கிலோ நிற்க வேண்டும். கனம் சரியாயிருந்தும் 26 கிலோவே நின்றால் உள்ளே நாரோ பிசினோ குறைந்திருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் ஈரமான பலகை எடை கூடி நின்று இக்குறையை மறைத்துவிடும். நனைந்த பருத்தியை எடைக்கு வாங்கி ஏமாந்தவர் கதை நாம் அறிந்ததே. ஆகையால் எடையோடு ஈரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். மரத்தின் ஈரம் காட்டும் சிறு கருவிகளை நார்ப்பலகைக்கு ஏற்பத் திருத்தி இதற்குப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, பானையைத் தட்டும் அதே முறை. பலகையின்மேல் சாண் அகலத்துக்கு ஒரு கோடாகக் குறுக்கும் நெடுக்கும் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ ஒரே விதமாகத் தட்ட வேண்டும். நல்ல இடம் தெளிவாக ஒலிக்கும். அடுக்குப் பிரிந்த இடம் அடைத்து ஒலிக்கும். ஆகாய விமானங்களைப் பழுது பார்க்கும் இடங்களிலும் நாணயத்தால் தட்டிப் பார்க்கும் வழக்கம் உண்டு. மேற்பரப்பை அடுத்துள்ள பெரிய பிரிவுகளையே இது காட்டும். ஆழத்திலுள்ள சிறு குற்றங்களைக் காட்டாது. பலகையின் வலிமை எவ்வளவு என்பதையும் இது சொல்லாது. ஆதலால் இரு புறமும் தட்ட வேண்டும். ஓசை நன்றாயிருந்ததென்று பளுவை மிகுத்து ஏற்றவும் கூடாது.

மூன்றாவது, ஓசை செல்லும் நேரத்தை அளத்தல். பலகையின் ஒரு முனையில் தட்டினால் அவ்வதிர்ச்சி மறு முனையை எவ்வளவு நேரத்தில் அடைகிறது என்று கருவி காட்டும். அவ்வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியாற் பெருக்கினால் பலகையின் விறைப்பு ஏறக்குறைய வெளியாகும். ஒரே நீளமும் அடர்த்தியும் உள்ள இரு பலகைகளில், ஒன்றைக் கடக்க 12 பங்கு நேரமும் மற்றொன்றைக் கடக்க 14 பங்கு நேரமும் ஆகுமாயின், பின்னதன் விறைப்பு முன்னதைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு என்று கொள்ளலாம். பலகையை அறுக்காமலே இவ்வளவும் அறியலாம். அறுத்த மரத்தை முறிக்காமல் யந்திரத்தில் வளைத்து விறைப்பை அளந்து தரம் பிரிக்கும் வழக்கம் 1960-களிலிருந்து அமெரிக்காவில் நடந்து வருகிறது. மரத்துக்கு இயன்றது நாருக்கும் இயலும்.

நான்காவது, செவிக்கெட்டாத நுண்ணொலி. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை நம் காது கேளாது. அதனைப் பொருளுக்குள் செலுத்திக் குற்றம் காணலாம் என்று ரஷ்ய விஞ்ஞானியாகிய சொக்கலோவ் 1920-களின் இறுதியிற் காட்டினார். வெற்றிடத்தை எதிர்ப்பட்டால் அவ்வொலி திரும்பிவிடும். அல்லது மறுபுறம் வந்து சேராது. ஆனால் நார்ப்பலகையில் இதற்கு இரண்டு இடையூறுகள் உண்டு. நாரின் உட்புழையும் பருமன் வேறுபாடும் ஒலியைச் சிதறடிப்பதால், இரும்புக்கு உதவும் நுண்மையான ஒலி இதற்கு உதவாது; அதிர்வு குறைந்த ஒலியையே செலுத்த வேண்டும். இரண்டாவதாக, கருவிக்கும் பொருளுக்கும் இடையே தண்ணீரோ களிம்போ தடவுவது வழக்கம். நார்ப்பலகையோ தண்ணீரை உறிஞ்சிப் பருக்கும். சோதனையே பொருளைக் கெடுப்பதாக முடியலாகாது. இக்காரணம் பற்றியே, பலகையைத் தொடாமல் காற்று வழியாகவே ஒலி செலுத்தும் கருவிகள் இத்தகைய பொருள்களுக்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன.

ஐந்தாவது, சூட்டைக் கொண்டு பார்த்தல். பலகையின் ஒரு புறத்தைச் சிறிது நேரம் சூடேற்றி, அகச்சிவப்புக் கதிரைக் காணும் காமிராவால் நோக்கினால், உள்ளே காற்றிடை உள்ள இடத்தில் சூடு உட்செல்லாமல் மேலேயே தேங்கித் தனியே தெரியும். ஒரு குற்றம் இரண்டு மடங்கு ஆழத்திலிருந்தால் அது தோன்ற நான்கு மடங்கு நேரம் ஆகும். நார்ப்பலகை சூட்டை மெதுவாகவே கடத்துவதால் உலோகத்துக்கு ஆகும் நேரத்தைவிடப் பன்மடங்கு பொறுத்திருந்து பார்க்க வேண்டும். இதனை அறியாதவர், குற்றமே இல்லை என்று அவசரத்தில் எழுதிவிடுவார்.

ராண்ட்கன் 1895-இற் கண்ட எக்ஸ் கதிரும் உதவுமாயினும் அதன் பயன் ஓரளவே. நாரும் பிசினும் ஏறக்குறைய ஒரே மூலப் பொருள்களாலானவை ஆதலின், படத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது கடினம்; வெற்றிடத்தை மட்டும் நன்றாகக் காணலாம். மின்சாரச் சுழலால் உலோகத்தைச் சோதிக்கும் முறை, மின்சாரம் கடத்தாத நாருக்குப் பயன்படாது. பளு ஏற்றும்போது உள்ளே நார் நெரியும் சிற்றோசையைக் கேட்டறியும் முறையும் உண்டு. ஒரு பொருள் முன்பு தாங்கிய பளுவைத் தாண்டும் வரையில் மறுபடி ஓசை எழுப்புவதில்லை என்று ஜெர்மானியராகிய கைசர் 1950-இற் கண்டறிந்ததை ஒட்டி இது வளர்ந்தது.

இம்முறைகள் அனைத்துக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றுண்டு. ஐப்பசி மழையில் எடுத்த அளவும் சித்திரை வெயிலில் எடுத்த அளவும் ஒன்றாயிரா. நாரில் ஈரம் ஏற ஏற ஓசையின் வேகம் குறையும். சூடு பரவும் விதமும் மாறும். ஆகையால் நல்லதென்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு பலகையை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதே நாளில், அதே நிழலில், அதனோடு ஒப்பிட்டே மற்றவற்றைச் சோதிக்க வேண்டும். மாதிரி இல்லாத சோதனை, படிக்கல் இல்லாத தராசுக்கு ஒப்பாகும்.

இனி முக்கியமான கேள்வி, கருவி யார் கையில் இருப்பது என்பது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்ற விதியை வாசகர் அறிவர். மழைக் காலங்களில் அவ்வரம்பைத் தளர்த்தும்படி மாநில அரசு கேட்பதும், மத்திய அரசு சில சமயம் தளர்த்துவதும் உண்டு. அந்நாட்களில் விவசாயியின் மனத்தை வருத்துவது ஈரமானியின் இருப்பன்று. தன்னிடம் ஒன்று இல்லாமையே. வீட்டிலேயே அளந்து பார்த்திருந்தால் இன்னும் ஒரு நாள் உலர்த்தியிருப்பார். அல்லது தமது அளவைக் காட்டி நியாயம் கேட்டிருப்பார். வாங்குபவர் கையில் மட்டும் இருக்கும் அளவுகோல், விலையைக் குறைக்கும் கோலாகவே விற்பவருக்குத் தோன்றும். நார்ப் பொருளிலும் நாளை இதுவே நிகழும். ஆலைகள் கருவி வைத்துக்கொள்ளும். இன்ன நார் தரக்குறைவு என்று கழிக்கும். நாம் கையைப் பிசைந்து நிற்போம்.

இதற்கு எதிராகப் பருத்தியின் சரித்திரத்தை எடுத்துக்காட்டலாம். ஒரு காலத்தில் பருத்தி இழையின் நீளம் என்பது தரகர் தமது இரு கை விரல்களிடையே இழுத்துப் பார்த்துச் சொன்னதேயாகும். இந்திய மத்தியப் பருத்திக் கமிட்டி 1924-இல் பம்பாயைச் சேர்ந்த மாதுங்காவில் ஓர் ஆராய்ச்சிச் சாலையை நிறுவி, இழையின் நீளம், நயம், வலிமை ஆகியவற்றை அளக்கலாயிற்று. வாங்குபவரும் விற்பவரும் அல்லாத மூன்றாமவர் அளந்து சொல்லும் வழக்கம் அவ்வாறு வேரூன்றியது. நாருக்கும் அத்தகைய மூன்றாமவர் வேண்டும். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியமும், பெங்களூரிலுள்ள அதன் தொழில்நுட்ப நிலையமும் ஆராய்ச்சிக்கு உரியவை. ஆனால் பேராவூரணியில் மட்டை விற்பவர் பெங்களூருக்குச் செல்ல முடியாது. சோதனை மேசை அவருடைய ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வர வேண்டும்.

செலவுக்கு என்ன செய்வது என்பார் சிலர். தராசு, அளவுகோல், ஈரமானி, நாணயம், சாக்குக்கட்டி ஆகியவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. குற்றமுள்ள பலகைகளிற் பலவற்றை இவையே பிடித்துக்கொடுக்கும். நுண்ணொலிக் கருவியும் சூடு காணும் காமிராவும் ஊருக்கு ஒன்று வேண்டுவதில்லை. தென்னை மிகுந்த மாவட்டத்துக்கு ஒன்று போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சில சேர்ந்து ஒன்றை வாங்கி, பலகை ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் பெற்று நடத்தலாம். தரம் பிரித்தால் நமது நாரிலும் ஒரு பகுதி கழிக்கப்படுமே என்று அஞ்சுவோரும் உண்டு. கழிக்கத்தக்க நார் இன்றும் நல்ல நாரோடு கலந்து, இரண்டுக்கும் சேர்த்து மட்டமான விலையையே பெற்றுத் தருகிறது. பிரித்தால் நல்லதற்கேனும் நல்ல விலை கேட்க வாய் இருக்கும். மட்டமானது கயிற்றுக்கோ தோட்டத்து மூடாக்குக்கோ செல்லும்.

நிலச்சொந்தக்காரர்கள் இப்பொழுதே செய்யக்கூடியவை சில உண்டு. முற்றிய மட்டையையும் பச்சை மட்டையையும் ஒரே குவியலிற் சேர்க்கலாகாது. மட்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்கே நார். எஞ்சியது கழிவுத் தூள். ஆகையால் நார் அடிப்பவர்கள் தூளை நன்றாகச் சலித்து நீக்க வேண்டும். பிசின் பற்றாமைக்கு அத்தூளே ஒரு முதற்காரணம். நாரைத் தரையிற் பரப்பாமல் களத்திலோ தார்ப்பாயிலோ உலர்த்தி, மழை படாத இடத்திற் கட்டி வைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டுக்கும் தோப்பு, மாதம், ஊறவைத்த விதம், விற்றபோது இருந்த ஈரம் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கட்டுவதோடு, அதன் நகலைக் குறிப்பேட்டிலும் பதிந்துகொள்ள வேண்டும். போர்டின் பலகைகளுக்கு இல்லாமற் போனது இச்சீட்டே. ஒரு பலகையில் குற்றம் காணப்பட்டால், அது நாரிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று தீர்மானிக்க இதுவன்றி வேறு சாட்சி இல்லை.

கிராம நிர்வாக அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள், ஊராட்சித் தலைவர்கள் ஆகியோரின் கடமையும் சிறிதன்று. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, நியாய விலைக் கடை முதலியவற்றுக்கு நார்ப்பலகைக் கதவோ தடுப்போ வந்து இறங்கும்போது எண்ணிக்கை சரி என்று கையெழுத்திடுவதோடு நிறுத்தலாகாது. ஒவ்வொரு பலகையையும் நிறுத்து, எடையை அதன் முதுகில் எழுதுக. ஓரங்களையும் நடுவையும் தட்டிப் பார்த்து, ஓசை மாறிய இடத்தைச் சாக்குக்கட்டியால் வட்டமிடுக. ஒரு துண்டை மாதிரியாக அலுவலகத்தில் உலர்ந்த இடத்தில் வைத்திருக்க. பொருத்திய பின்னரும் ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை முடிந்தவுடன் ஒருமுறை தட்டிப் பார்த்து, சென்ற ஆண்டுக் குறிப்போடு ஒப்பிடுக. ஓசை அடைத்த இடம் ஆண்டுக்காண்டு பெருகுமாயின், அது குழந்தைகள்மேல் விழும்வரை காத்திராமல் மாற்றுக. ஒரு நாள் வேலையில் முடியும் இக்காரியம் ஓர் உயிரைக் காக்கக்கூடும். நமது நாரின் நற்பெயரையும் காக்கும்.

இரும்புக்கும் கண்ணாடி இழைக்கும் அவற்றைச் செய்யும் பெருஞ்சாலைகள் சாட்சி நிற்கின்றன. நமது நாருக்கு நாமே சாட்சி நிற்க வேண்டும். அச்சாட்சியம் வாய்ச்சொல்லாக இல்லாமல் எடையாகவும் ஓசையாகவும் எழுத்தாகவும் இருக்குமாயின், வாங்குபவர் எவரும் அதனை எளிதில் மறுக்க மாட்டார். ஆகவே தென்னை மிகுந்த ஒவ்வொரு வட்டத்திலும் உள்ள விற்பனைக் கூடத்தில், இருசாராருக்கும் பொதுவான ஒரு சோதனை மேசை அமைய வேண்டுமென்றும், அங்கே அளந்த அளவைக் குறித்த சீட்டு விற்பவர் கையிலும் ஒரு நகல் தரப்பட வேண்டுமென்றும், அளவில் ஐயம் எழுந்தால் மறுமுறை அளக்கக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்க வேண்டுமென்றும் யாம் வற்புறுத்துகிறோம். உழவர் நிறுவனங்களும் ஊராட்சிகளும் தத்தம் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஆலோசித்து, மாவட்ட வேளாண்மை அதிகாரிகளுக்குத் தீர்மானமாக எழுதியனுப்புமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.